ராஜா, வயது நாற்பத்தைந்து, பாடாலூர்

நான் வேலை பார்த்த மருத்துவமனையில் இப்போது மென்பொருளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நோயாளிகளின் விவரங்கள் இனி பெரம்பலூரில் இருக்காது. எங்கோ தொலைவில் இருக்கிற கணினிகளில் இருக்குமாம். நல்லதுதான். ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பக்கம் போக எனக்கு வேலையில்லை. ஆனாலும் போன மாதம் கூப்பிட்டு அனுப்பினார்கள். புது மென்பொருளைப் போட வந்திருந்த பிள்ளைகள் எங்கள் பழைய டேட்டாபேஸின் வரைபடத்தைத் திரையில் விரித்து வைத்திருந்தார்கள். கட்டம் கட்டமாக, கோடு கோடாக, இருபது வருடங்களுக்கு மேலாக நான் பார்த்துப் பழகிய படம்.

"எதெது இருக்குன்னு புரிஞ்சிருச்சு மேடம். சிலதெல்லாம் ஏன் இருக்குன்னுதான் தெரியல. எழுதிக் குடுத்தீங்கன்னா அப்படியே புதுசுலயும் வெச்சிருவோம்" என்றாள் ஒரு பெண்.

ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். அதனால் அவர்களுக்குத் தேவையானதைச் சுருக்கமாகத் தனியே எழுதிக் கொடுத்துவிட்டு, மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குரும்பலூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் வெங்காயம் நட்டும் என்னைப் படிக்க வைத்தார்கள். திருச்சியில் கணிதம் படித்தேன், அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமா. கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலம் அது. டேட்டாபேஸ் என்றால் என்ன என்ற கேள்விக்கு எட்டு வரியில் பதில் மனப்பாடம் செய்து, முழு மதிப்பெண் வாங்கினேன். அந்த எட்டு வரிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

மருத்துவமனை ஓர் அறக்கட்டளையுடையது. நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருந்ததால் விபத்தில் அடிபட்டவர்கள் நிறைய வருவார்கள். நான் சேர்ந்தது நோயாளிகளின் பதிவுகளைக் கவனிக்கும் பிரிவில். அதற்குத் தலைவர் அற்புதராஜ் சார். வரதராஜன்பேட்டைக்காரர், வீட்டில் எல்லோரும் பள்ளி ஆசிரியர்கள், இவர் மட்டும் புள்ளியியல் படித்துவிட்டு இங்கே வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தேதி முடிந்த மாதக் காலண்டர் தாள்களைச் சேர்த்து வைத்திருப்பார். அவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால்தான் எல்லாவற்றையும் வரைவோம். நான் வரைந்தது சரியில்லை என்றால் "தப்பு" என்று சொல்லமாட்டார். மேஜைமேல் இருக்கிற ரப்பரை மெதுவாக என் பக்கம் நகர்த்துவார். அவ்வளவுதான். எது தப்பு என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் அந்த ரப்பரைப் பார்த்தாலே எனக்கு அழுகை வரும்.

அவருடைய இன்னொரு வழக்கம், எந்த அட்டவணையை உருவாக்குவதாக இருந்தாலும் முதலில் அந்த விவரம் பிறக்கிற இடத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போவது. முதல் முறை வெளிநோயாளிகள் கூடத்துக்குப் போனோம். "இங்கயே நில்லும்மா. பேரு கூப்புடுறதை மட்டும் கேளு" என்றார். உள்ளேயிருந்து நர்ஸ் "செல்வராசு" என்று கூப்பிட்டார். பெஞ்சிலிருந்து மூன்று பேர் எழுந்தார்கள். அதில் இருவர் ஒரே ஊர். ஒருவரின் மருந்துச்சீட்டை இன்னொருவர் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார். நர்ஸ்தான் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"பாத்தியா? பேரை வெச்சு ஆளைப் புடிக்க முடியாது. ஊரை வெச்சும் முடியாது. ரெண்டையும் சேத்து வெச்சாலும் முடியாது."

அதற்காகத்தான் ஆளுக்கொரு எண். உள்ளே நுழையும் முதல் நாளில் கொடுத்தது, சாகும்வரை மாறாது. எண்ணுக்குள் ஊர்க்குறியீட்டையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துவிட்டால் பார்த்தவுடன் தெரியுமே என்று நான் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். ரப்பர் நகர்ந்து வந்தது. அன்று மாலை வரை புரியவில்லை. பிறகு, குரும்பலூரில் பிறந்து செந்துறையில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவின் ஞாபகம் வந்தது. ஊர் மாறும். எண்ணுக்குள் ஊரை வைத்தால் எண்ணும் மாற வேண்டியிருக்கும். அப்புறம் பழைய எக்ஸ்ரே ஒருத்திக்கு, புது எக்ஸ்ரே இன்னொருத்திக்கு என்று ஆகிவிடும். எண்ணுக்கு அர்த்தமே இருக்கக்கூடாது. ஆளைச் சுட்டுவது மட்டும்தான் அதன் வேலை.

இரண்டாவது பாடம் கட்டிலில் படித்தேன். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. கீழே அனுமதி மேஜையில் இருந்தவர் அதைத் திரையில் பார்த்தார். அதே நேரத்தில் அறுவை அரங்கில் இருந்தவரும் பார்த்தார். இருவருக்கும் 'காலி' என்றே காட்டியது. இருவரும் தங்கள் நோயாளியைப் பதிந்தார்கள். இரண்டாவது பதிவு முதல் பதிவின்மேல் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சற்று நேரத்தில் அந்தக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்ட்ரெச்சர், அந்தப் பக்கம் ஒரு ஸ்ட்ரெச்சர். இரண்டு குடும்பமும் நர்ஸைப் பார்த்துக் கத்துகிறது. சார் எனக்குப் போன் செய்து, "கீழ உக்காந்து யோசிக்காத. மேல வந்து பாரு" என்றார். போனேன். தேறிக்கொண்டிருந்த ஒருவரை வார்டுக்கு மாற்றித் தலைமை நர்ஸ் சமாளித்தார். ஆனால் அந்த இரண்டு ஸ்ட்ரெச்சர்களையும் நான் மறக்கவில்லை.

ஒருவர் ஒரு கட்டிலைக் கையில் எடுத்துவிட்டால், அவர் முடிக்கிறவரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அதைத்தான் எங்கள் தொழிலில் பூட்டு என்போம். அதோடு இன்னொன்று: ஒரு நோயாளியை இடம் மாற்றுவது ஒரு வேலை போலத் தெரிந்தாலும், உள்ளே இரண்டு வேலை. பழைய கட்டிலைக் காலி செய்வது, புதுக் கட்டிலில் வைப்பது. இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால்? எங்கள் ஊரில் கரண்ட் அதற்கென்றே காத்திருந்து போகும். "பாதி நடந்ததுன்னு ஒண்ணு இருக்கவே கூடாதும்மா. முழுசா நடக்கணும். இல்ல, நடக்கவே இல்லைன்னு பழைய நெலமைக்குத் திரும்பிடணும்" என்றார் சார். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அதில் எனக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை.

ஒரு சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமையையும் சொல்ல வேண்டும். பழைய டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருந்தது. நானும் சாரும் காலையில் வந்து எல்லா விவரங்களையும் புது டிஸ்க்குக்கு மாற்றினோம். உள்ளே அடுக்கி வைக்கிற முறையே வேறு. ஆனால் நர்ஸ் பார்க்கிற திரை, மருந்தகம் பார்க்கிற திரை எதிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கீழே சேமிக்கிற அடுக்கு, நடுவில் எது எதோடு சேர்கிறது என்ற வரைபடம், மேலே ஒவ்வொருவரும் அவரவர் தேவைக்குப் பார்க்கிற காட்சி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருப்பதன் பயன் அது. கீழே தோண்டினாலும் மேலே ஆடாது. திங்கட்கிழமை தலைமை நர்ஸ் என்னைப் பார்த்து, "என்ன மல்லிகா, நேத்து லீவுல ஊருக்குப் போயிட்டு வந்தியா?" என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. சார் எல்லோருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

இனி ராஜாவின் கதை.

அனுமதி மேஜையின் திரை சென்னையில் ஒரு நிறுவனத்திடம் விலைக்கு வாங்கியது. அதில் பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர் ஆகிய நான்குக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். நான்கையும் நிரப்பாவிட்டால் பதிவு ஏறாது. பதிவு ஏறாவிட்டால் எண் கிடையாது. எண் இல்லாவிட்டால் கட்டில் இல்லை, ஸ்கேன் இல்லை. மேஜையில் பழைய ஆள்கள் பாதியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள் என்று நிர்வாக அதிகாரிதான் அந்த நட்சத்திரங்களைக் கேட்டு வாங்கினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஒரு சித்திரை வெயிலில், மதிய உணவு முடிந்து நான் விசாரணை மேஜையைக் கடந்து வந்தேன். ஓர் அம்மாவும் அவர் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவின் பெயர் வசந்தா, மகள் கோமதி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். செந்துறைப் பக்கம் ஒரு கிராமம். கணவர் திருச்சிக்கு மூட்டை இறக்கும் வேலைக்குப் போனவர், ஒரு மாதத்துக்கு மேலாகியும் வீடு வரவில்லை. போன் அடிக்கவில்லை. போலீசில் சொல்லியாகிவிட்டது. திருச்சி, அரியலூர் என்று ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கிவிட்டார்கள். எங்களிடம் வருவது இரண்டாவது முறை.

"கலியபெருமாள், செந்துறை. அந்தப் பேருல யாரும் இல்லைங்கம்மா. போன தடவையும் பாத்துச் சொன்னேனே" என்றார் மேஜையில் இருந்தவர்.

வசந்தா அவரைப் பார்க்கவில்லை. அந்தத் திரையின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, கம்ப்யூட்டர்ல இல்லைன்னா, அவரு எங்கயுமே இல்லைன்னு அர்த்தமுங்களா?"

நான் அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன்.

சார் அவர்களை உட்கார வைத்தார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், முழுவதையும் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"பேரை வுட்டுரு மல்லிகா. ஊரையும் வுட்டுரு. அதெல்லாம் வாயால சொல்லிக் கேட்டு எழுதுறது. பேச முடியாத ஆளா இருந்தா யாரு சொல்லியிருப்பா? யாருகிட்டயும் கேக்காம, நம்ம ஆளுங்க கண்ணால பாத்து எழுதுனது என்னென்ன இருக்கு? அதுல தேடு."

வசந்தாவிடம், "அவரு ஒடம்புல அடையாளம் ஏதாச்சும் இருக்குங்களாம்மா?" என்று கேட்டார்.

"எடது கையில சுண்டு வெரலு நுனி இருக்காதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே கரும்பு வெட்டப் போயி போச்சாம்."

நர்ஸ்கள் குறிப்பில் அது இருக்கலாம். ஆனால் அந்தக் குறிப்பை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தட்டியிருப்பார்கள். அதில் வார்த்தையை வைத்துத் தேடினால் வைக்கோற்போரில் ஊசி. முதலில் ஆட்களைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பார்வையாளர் சீட்டுக்கு ஓர் அட்டவணை வைத்திருந்தோம். நோயாளியைப் பார்க்க வீட்டார் வந்தால் அதில் ஒரு வரி ஏறும். அடையாளம் தெரியாத ஆளைப் பார்க்க யார் வருவார்கள்? இருப்பதைத் தேடாமல் இல்லாததைத் தேடினேன். கலியபெருமாள் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளுக்குப் பிறகு அவசரப் பிரிவில் சேர்ந்த ஆண்கள். அவர்களில் பார்வையாளர் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லாதவர்கள்.

திரையில் ஒரு சிறிய பட்டியல் வந்தது. ஏழெட்டுப் பேர் இருக்கும். ஒருவர் தவிர எல்லோருக்கும் பெயர் ராஜா. தகப்பனார் பெயரும் ராஜா.

சார் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். பிறகு அனுமதி மேஜையிலிருந்து சாகுலை வரச்சொன்னார். சாகுல் லெப்பைக்குடிக்காட்டுப் பையன்... பையன் என்ன, அப்போதே இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நல்ல வேலைக்காரர். பட்டியலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஆமா சார். பேரு தெரியாம வர்றவங்களுக்கு ராஜான்னு போடுவோம். பொம்பளைங்கன்னா ராணி. ஸ்டார் போட்ட கட்டத்தை ரொப்பலைன்னா அது உள்ளயே வுடாது சார். ஆளு மூச்சு வாங்கிட்டுக் கெடக்குறான், நான் என்ன பண்றது? ஊருன்னு கேட்டா எங்கேருந்து தூக்கிட்டு வந்தாங்களோ அந்த ஊரு. வயசு பாத்தா தெரியுறது." பட்டியலைக் கையால் காட்டினார். "அனாதைன்னு போடச் சொல்லி ஒருத்தர் சொன்னாரு. மனசு வரல சார். அவங்கம்மாவுக்கு அவன் ராஜாதானே. அதான் அப்புடிப் போட்டேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? உண்மையைச் சொல்ல அந்தத் திரையில் இடமே இல்லை. 'தெரியாது' என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளத் தெரியாத டேட்டாபேஸ், அவரைப் பொய் சொல்ல வைக்கும். அந்தப் பொய் மற்ற உண்மைகளோடு சேர்ந்து ஒரே வரிசையில், ஒரே எழுத்தில் நிற்கும். எது எது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒவ்வொரு ராஜாவாக நர்ஸ் குறிப்பைத் திறந்தேன். நாலாவது ஆள். *இடது கை, சுண்டு விரல் நுனி இல்லை, பழைய காயம்.* அனுமதிப் பக்கத்தில்: ராஜா, வயது நாற்பத்தைந்து, பாடாலூர்.

பாடாலூரில் சாலையைக் கடக்கும்போது ஏதோ ஒரு வண்டி தட்டிவிட்டுப் போயிருக்கிறது. போன் நொறுங்கிவிட்டது. தலையில் பலத்த அடி, அறுவை சிகிச்சை. உயிர் பிழைத்தார், ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. காவல் நிலையத்துக்கு நாங்கள் அனுப்பிய தகவலிலும் அந்தப் பெயர்தான், அந்த ஊர்தான். அவர்கள் பாடாலூரில் ராஜாவின் வீட்டைத் தேடினார்கள். செந்துறைக் கலியபெருமாளைத் தேடியவர்கள் இந்த ராஜாவைத் தாண்டிப் போனார்கள். உறவென்று யாரும் வராததால், உடல் தேறியதும் ஏலாக்குறிச்சிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்துக்கு அவரை அனுப்பியிருந்தோம்.

சார் வசந்தாவிடம் மிக நிதானமாகச் சொன்னார். "ஒருத்தரு இருக்காரும்மா. நீங்க சொன்ன அடையாளம் இருக்கு. அவராவும் இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். நேர்ல பாத்தாத்தான் தெரியும்."

"எங்கப்பா பேரு ராஜா இல்லையே சார்" என்றாள் கோமதி, பயந்துபோய்.

"அது நாங்க வெச்ச பேரும்மா."

மருத்துவமனை ஜீப்பில் கிளம்பினோம். நானும் வருகிறேன் என்று சாகுல் தானாகவே ஏறிக்கொண்டார். அரியலூர் தாண்டி சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே போனோம். வசந்தா முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். திருமானூர் வந்தபோது, "ஒருவேளை அவரு இல்லைன்னா, திரும்பிப் போறப்ப எங்களை அரியலூர் பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுட்டுருங்க. தஞ்சாவூரு ஒண்ணுதான் பாக்காம இருக்கு" என்றார். அந்த வார்த்தையில் நம்பிக்கையும் இருந்தது, களைப்பும் இருந்தது.

இல்லத்தின் தாழ்வாரத்தில் ஐந்தாறு ஆண்கள் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக இருந்தவர் ஒற்றைக் கையால் உரித்துக்கொண்டிருந்தார். தலை மொட்டை, தையல் தடம், தாடி. எனக்கு யாரென்று தெரியவில்லை. கோமதிக்கே தெரியவில்லை. வசந்தா நின்றுவிட்டார். அந்த ஆள் கடலையைத் தொடையில் வைத்து அழுத்தி, இடது கைக் கட்டைவிரலால் ஓட்டைப் பிளப்பதையே பார்த்தார். மற்ற விரல்கள் மடங்கியிருக்க, அந்தக் குட்டைச் சுண்டுவிரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏங்க" என்றார்.

மெதுவாகத்தான் கூப்பிட்டார். அவர் நிமிர்ந்தார். கையிலிருந்த கடலை சிதறியது. வாய் திறந்தது, சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. முகமெல்லாம் கோணிக்கொண்டு அழுதார். வசந்தா ஓடிப்போய் அவர் தலையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அழாமல், திட்டினார். "சொல்லாம கொள்ளாம எங்க வந்து உக்காந்துருக்கீங்க? எத்தனை ஊருல தேடுறது உங்கள? புள்ள முகத்தைப் பாருங்க, எப்புடி கருத்துப் போயிருக்கு." திட்டிக்கொண்டே முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டார். கோமதி அவர் காலைக் கட்டிக்கொண்டாள். சாகுல் தாழ்வாரத் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "அல்ஹம்துலில்லா, அல்ஹம்துலில்லா" என்று இறைவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் சார் மேஜையில் புதிய காலண்டர் தாள் ஒன்று காத்திருந்தது. பென்சிலை என்னிடம் கொடுத்தார். சாகுலையும் உட்காரச் சொன்னார்.

பெயர் காலியாக இருக்கலாம் என்று வைத்தோம். ஆனால் காலியாக விட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும்: தெரியாதா, கேட்கவே இல்லையா? இரண்டும் ஒன்றல்ல. பெயர் இருந்தால் அதைச் சொன்னது யார் என்று பக்கத்தில் ஒரு கட்டம்: தானே, உறவினர், கூட வந்தவர். வயது வேறு, மதிப்பிட்ட வயது வேறு. சொந்த ஊர் வேறு, கண்டெடுத்த இடம் வேறு. உடல் அடையாளங்களுக்குத் தனி அட்டவணை. ஓர் அடையாளத்துக்கு ஒரு வரி, உடலின் எந்தப் பகுதி என்பதைப் பட்டியலில் இருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னால் உண்மைப் பெயர் தெரிந்தால் பழையதை அழிக்காமல் கீழே சேர்க்க வேண்டும். எண் மட்டும் மாறவே கூடாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்கேனும் தையலும் மருந்தும் அவருக்கே சேரும்.

எல்லாம் வரைந்து முடித்தபின் சாகுல் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், வார்டுல நர்ஸம்மாங்க அவங்களை எப்புடிக் கூப்புடுவாங்க? நம்பரைச் சொல்லியா?"

சார் யோசித்தார். ரப்பர் அசையவில்லை. நான் இன்னொரு கட்டம் வரைந்தேன்: வார்டில் அழைக்கும் பெயர். இப்போது அந்தப் பிள்ளைகளுக்குப் புரியாமல் போன கட்டங்களில் அதுவும் ஒன்று. ராஜாக்களும் ராணிகளும் அதில்தான் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் பொய் இல்லை.

நிர்வாக அதிகாரி எளிதில் சம்மதிக்கவில்லை. "காலியா வுடலாம்னு சொல்லிட்டா அப்புறம் எல்லாரும் காலியா வுட்டுட்டுப் போயிருவாங்க அற்புதராஜ்."

"வுடட்டும் சார். அவங்க வுட்டது நமக்குத் தெரியும்ல. இப்ப அவங்க ரொப்புறதுல எது நெசம்னு நமக்குத் தெரியுதா?"

ஒரு மாதம் பார்ப்போம் என்று முடிவானது. அந்த மாத முடிவில் நானே காலியிடங்களை எண்ணினேன். அவர் பயந்த அளவுக்கு இல்லை. 'கேட்கவில்லை' என்று தன் கையாலேயே தேர்ந்தெடுக்க யாருக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். முன்பைவிட அதிகமாகக் கேட்டார்கள். அதற்குப் பிறகு, சாலையோரத்தில் மயங்கிக் கிடந்த ஒரு பாட்டியைக் கொண்டுவந்தார்கள். 'புறங்கையில் பச்சை குத்திய தேள்' என்று நர்ஸ் பதிந்திருந்தார். மாலையில் பதறிக்கொண்டு வந்த மகன் தேள் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கட்டில் எண்ணைச் சொல்லிவிட்டோம். நிர்வாக அதிகாரி அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கலியபெருமாள் ஊரிலிருந்து மாதாமாதம் வந்தார். எங்கள் மருத்துவமனையிலேயே பேச்சுப் பயிற்சியும் கைப்பயிற்சியும் கொடுத்தார்கள். வசந்தாதான் பஸ் ஏற்றிக் கூட்டி வருவார். முதலில் சக்கர நாற்காலி, அப்புறம் கோல், அப்புறம் வசந்தாவின் தோள். பதிவில் அவருக்குப் பெயர் ஏறியிருந்தது. சொன்னது யார் என்ற கட்டத்தில் 'உறவினர் - மகள்' என்று இருந்தது. வசந்தா அவர் பெயரைச் சொல்லமாட்டார்.

அடுத்த தை மாதம் என்று நினைக்கிறேன். அனுமதி மேஜையில் பிரிண்டர் தகராறு செய்ததால் நான் சாகுலின் பின்னால் நின்றிருந்தேன். அவர்கள் முறை வந்தது. கோமதி கல்லூரியில் சேர்ந்துவிட்டதால் அன்று அவள் வரவில்லை. வசந்தா சீட்டை நீட்டினார். சாகுல் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவரை நேராகப் பார்த்தார்.

"ஐயா, உங்க பேரு என்னாங்க?"

வசந்தா ஏதோ சொல்ல வந்தார். "நீங்க இருங்கம்மா. அவரு சொல்லட்டும்" என்றார் சாகுல்.

கலியபெருமாள் மேஜையை இடது கையால் பிடித்துக்கொண்டார். உதடுகள் கூடின, பிரிந்தன. "க..." என்றார். பின்னால் வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர் அவரை அடக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. "கலி... கலிய..." மூச்சு வாங்கி நிறுத்தினார். பிறகு ஒரே தள்ளாகத் தள்ளினார். "கலியபெருமாளு."

வசந்தா வாயைப் பொத்திக்கொண்டார். சாகுல் பதிவில் ஒரு புது வரி சேர்த்தார். பெயர்: கலியபெருமாள். சொன்னது யார்: தானே.

"சரிங்கய்யா. வயசு?"

கலியபெருமாள் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த வசந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது அவருக்கு முன்னாடியே தெரியாதுங்க."

வரிசையே சிரித்தது. கலியபெருமாளும் கோணல் வாயோடு சிரித்தார். சாகுல் வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டு, 'தெரியாது' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினார். பதிவு ஏறியது.